கட்டி கரையவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லையா?

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவர் ஸ்கான் அறிக்கையுடன் வீடு திரும்பும்போது, அந்த வீடு மல்லாவியில் இருந்தாலும் புதுக்குடியிருப்பில் இருந்தாலும், முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "கட்டி கரைஞ்சிட்டுதா?" கரையவில்லை, இருந்த அளவிலேயே இருக்கிறதாம் என்று பதில் வந்தால் வீடு சோர்ந்துவிடுகிறது. இத்தனை அலைச்சலும் வாந்தியும் செலவும் வீணாகிவிட்டன என்று நினைத்து, அந்த இடத்திலேயே வைத்தியசாலைச் சிகிச்சையைக் கைவிட்டு வேறு வழி தேடிப் போகிறவர்களும் உண்டு. இந்த முடிவுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரு தவறான எண்ணமே. மருந்தின் வேலை புற்றுநோய்க் கலங்களைக் கொல்வது மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இன்று பயன்படும் பல சிகிச்சைகள் கலங்களைக் கொல்வதுடன், சாகாது தப்பும் கலங்கள் மேலும் பிரியாதபடி நிறுத்தியும் வைக்கின்றன. சில மருந்துகளுக்கு அந்த நிறுத்தமே முதன்மையான வேலை.

வைத்தியர்கள் இதை வெறும் கண்மதிப்பில் சொல்வதில்லை. 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு 2009இல் திருத்தப்பட்ட ஒரு சர்வதேச அளவுமுறை இருக்கிறது. அதன்படி, அளக்கப்படும் கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி, அத்தொகை 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் நோய் சிகிச்சைக்கு இணங்குகிறது என்றும், 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் நோய் முன்னேறுகிறது என்றும் கொள்வார்கள். இரண்டுக்கும் இடைப்பட்டது 'நிலையான நோய்'. மாதத்துக்கு மாதம் பெருத்துவந்த ஒரு கட்டி, மருந்து தொடங்கியபின் அரை வருடம் அதே அளவில் நின்றால், ஏதோ ஒன்று அதை நிறுத்தி வைத்திருக்கிறது என்றே பொருள். எல்லாருக்கும் எல்லா நோய்க்கும் இது போதுமான பலன் என்று சொல்லமுடியாது. முற்றாகக் குணப்படுத்தும் நோக்குடன் தொடங்கிய சிகிச்சையில் கட்டி சுருங்குவதையே வைத்தியர் எதிர்பார்ப்பார். ஆனால் உடலின் பிற பாகங்களுக்குப் பரவிவிட்ட நோயில், நிறுத்தி வைப்பதே ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பலனாக இருக்கலாம்.

நிறுத்துதல் என்றால் என்ன என்று விளங்க, பிரிதல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

ஒரு கலம் இரண்டாகப் பிரிவதற்கு முன் நான்கு கட்டங்களைக் கடக்கிறது. முதலாவது, ஜி1 எனப்படும் வளர்ச்சிக் கட்டம். பிரிவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் இங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது. அடுத்தது எஸ் கட்டம், கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ. முழுவதும், அதாவது ஏறத்தாழ 600 கோடிச் சோடி எழுத்துகள், ஒரு முறை பிரதி எடுக்கப்படுகின்றன. பின்னர் ஜி2 என்னும் குறுகிய சரிபார்ப்புக் கட்டம். கடைசியாக, நிறமூர்த்தங்கள் இரு பக்கமும் இழுக்கப்பட்டுக் கலம் இரண்டாகும் இழையுருப்பிரிவு. ஆய்வுகூடத்தில் வேகமாக வளரும் மனிதக் கலமொன்று இந்தச் சுற்றை ஏறத்தாழ 24 மணித்தியாலத்தில் முடிக்கிறது. அதில் கடைசிக் கட்டம் எடுப்பது ஒரு மணித்தியாலம் வரைதான். உயர்தர உயிரியல் மாணவர்கள் படமாக வரைந்து மனனம் செய்யும் இந்தச் சுற்றுக்குள்தான் புற்றுநோய்ச் சிகிச்சையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

இச்சுற்றை முன்னே தள்ளுபவை இரு வகைப் புரதங்கள். ஒன்று சைக்கிளின், மற்றது சி.டி.கே. என்னும் நொதியம். சைக்கிளின் கூடும்போது நொதியம் இயங்கும். அது அழியும்போது நொதியம் ஓயும். கடல் முள்ளெலியின் முட்டைகளில் ஒவ்வொரு பிரிவின்போதும் ஒரு புரதம் சேர்ந்து சேர்ந்து திடீரென மறைவதை 1980களின் தொடக்கத்தில் கவனித்த ரிம் ஹன்ட், மதுவக் கலங்களில் இச்சுற்றின் கட்டுப்பாட்டை ஆராய்ந்த லீலண்ட் ஹார்ட்வெல், போல் நர்ஸ் ஆகியோருடன் 2001இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

தள்ளும் புரதங்களைப் போலவே மறிக்கும் புரதங்களும் உண்டு. ஆர்பி என்ற புரதம், பிரதியெடுத்தலுக்குத் தேவையான பரம்பரையலகுகளை இயக்கிவிடும் காரணிகளைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சி.டி.கே. நொதியங்கள் அதன்மீது பொசுபேற்றுகளை ஏற்றும்போதே அது தன் பிடியை விடும். இன்னொன்று, 1979இல் கண்டறியப்பட்ட பி53. டி.என்.ஏ. சேதமடைந்தால் பி53 கலத்தில் குவிந்து, பி21 என்னும் வேறொரு புரதத்தை உண்டாக்குகிறது, பி21 சி.டி.கே. நொதியங்களைப் பற்றிக்கொண்டு அவற்றை இயங்கவிடாது செய்கிறது. கலம் அந்த இடத்திலேயே நிற்கும். சேதம் சிறிதானால் பழுதைச் சீராக்கிக்கொண்டு மீண்டும் சுற்றைத் தொடரும். சேதம் பெரிதானால் ஒன்றில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், அல்லது இனி ஒருபோதும் பிரியாத நிலைக்குப் போய்விடும்.

புற்றுநோய்க் கலம் என்பது இந்த மறிப்புகளில் சிலவற்றை இழந்துவிட்ட கலம். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி53 பழுதடைந்திருக்கிறது. ஒரே மருந்து ஒருவருக்கு நன்றாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த மறிப்பு எஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தே எந்த வழியில் கலத்தை நிறுத்தலாம் என்பது அமைகிறது.

கலப்பிரிவை ஒரு மருந்து நிறுத்துவதைக் கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லவேண்டும். 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் றோசன்பேர்க் என்ற அறிவியலாளர், மின்புலம் கலப்பிரிவைப் பாதிக்குமா என்று அறிய, பற்றீரியாக்கள் வளரும் திரவத்துக்குள் பிளாற்றினம் மின்வாய்களை வைத்து மின்சாரம் செலுத்தினார். நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, குட்டையான கோல்களாக இருக்கவேண்டிய பற்றீரியாக்கள் நீண்ட நூல்களாகக் கிடந்தன. சில வழமையான நீளத்தைவிட 300 மடங்கு வரை நீண்டிருந்தன. அவை சாகவில்லை. வளர்ந்துகொண்டே இருந்தன, பிரிய மட்டும் முடியவில்லை. காரணம் மின்புலமே அன்று என்பதும், மின்வாயிலிருந்து கரைந்த பிளாற்றினம் உண்டாக்கிய சேர்வையே என்பதும் பின்னர் தெரியவந்தது. அந்த ஆய்வின் வழியே வந்த சிஸ்பிளாற்றின் 1978இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதிக்கப்பட்டது. இன்றும் வாய், தொண்டை, கருப்பைக் கழுத்து, நுரையீரல் புற்றுநோய்களுக்குச் சேலைனுடன் ஏற்றப்படும் மருந்து அதுதான். டி.என்.ஏ. இழைகளைக் குறுக்காகப் பிணைத்து, பிரதியெடுக்க முடியாதபடி செய்வதே அதன் வேலை.

இன்னொரு மருந்தின் மூலம் நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. வன்னியில் கோயில் ஓரங்களிலும் மயானக் கரைகளிலும் மணலில் தானாக முளைத்து, வெள்ளையும் ஊதாவும் கலந்த இளஞ்சிவப்புமாகப் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்தே வின்பிளாஸ்ரீன், வின்கிறிஸ்ரீன் என்னும் இரு மருந்துகளும் பிரித்தெடுக்கப்பட்டன. முதலாவதை 1950களின் இறுதியில் கனடாவில் றொபேட் நோபிளும் சாள்ஸ் பியரும் பிரித்தனர். இம்மருந்துகள் டி.என்.ஏ.யைத் தொடுவதில்லை. இழையுருப்பிரிவில் நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்நார்கள் உருவாகாது தடுக்கின்றன. நுணுக்குக்காட்டியின் கீழ் அக்கலத்தைப் பார்த்தால், நிறமூர்த்தங்கள் அனைத்தும் தடித்துத் திரண்டு, பிரிவதற்கு ஆயத்தமான நிலையில், இழுப்பதற்கு எதுவுமின்றி ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். மணிக்கணக்காக அப்படியே நிற்கும் கலம் பெரும்பாலும் இறந்துவிடும். சில கலங்கள் பிரியாமலேயே, இரட்டிப்பு டி.என்.ஏ.யுடன் நழுவி வெளியேறும். (செடியை அவித்துக் குடிக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. மருந்தாகக் கொடுக்கும் அளவு மில்லிகிராம் கணக்கில் அளக்கப்படுவது. இலைக் கஷாயத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை யாராலும் சொல்லமுடியாது. அது நரம்புகளையும் என்பு மச்சையையும் பாதிக்கக்கூடிய நஞ்சு.)

கதிர்ச் சிகிச்சைக்கு வருவோம். வன்னிக்கு இது மிகவும் நெருங்கிய விடயம். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் வழக்கம் இங்கே இன்னும் வயலிலும் வாடியிலும் இருக்கிறது. பாக்கு மட்டுமே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை வேண்டுமென்றால் நம்மவர்கள் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ போகவேண்டியிருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், ஆறு அல்லது ஏழு வாரம், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 2 கிரே அளவு கதிர் என்பது வழமையான ஒழுங்கு. அந்த 2 கிரே ஒவ்வொரு கலத்திலும் டி.என்.ஏ.யின் இரு இழைகளும் சேர்ந்து அறுபடும் முறிவுகளை ஏறத்தாழ 80 உண்டாக்குகிறது. அண்டையிலுள்ள நல்ல கலங்கள் நின்று, பெரும்பாலானவற்றைச் சில மணித்தியாலங்களில் ஒட்டிச் சீராக்கிக்கொள்கின்றன. மறிப்புகள் பழுதடைந்த புற்றுநோய்க் கலமோ போதிய நேரம் நிற்காமல் முறிந்த நிறமூர்த்தங்களோடு பிரியப் பார்க்கிறது. ஒன்றிரண்டு பிரிவுகளுக்குள் சிதைந்து இறக்கிறது, அல்லது நிரந்தரமாக நிற்கிறது. கதிர் கொடுத்து முடிந்து பல வாரங்களின் பின்னும் கட்டி மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இந்த நிறுத்தம் ஒரே நாளில் கட்டி முழுவதிலும் நிகழ்ந்துவிடுவதில்லை. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில், சிகிச்சை தொடங்கி நான்காம் வாரமளவில், தப்பிய கலங்கள் முன்னிலும் வேகமாகப் பிரியத் தொடங்குகின்றன. அதனால் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டாலும் கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைகிறது என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. காலபோக அறுவடை வந்துவிட்டது, மிசின்காரன் வரும் நாளில் வயலில் நிற்கவேண்டும் என்று ஒரு வாரம் ஊருக்கு வந்து போவது சிறிய விடயமாகத் தோன்றும். ஒரு வருட உழைப்பு வயலில் நிற்கும்போது அப்படி வருபவரை நான் குறைசொல்லமாட்டேன். ஆயினும் அந்த ஒரு வாரம் நின்றிருந்த கலங்களுக்கல்ல, நிற்காத கலங்களுக்கே வாய்ப்பாகிறது. வரவேண்டிய கட்டாயம் ஏற்பட்டால் முன்கூட்டியே சிகிச்சைப் பிரிவில் சொல்லவேண்டும். விடுபட்ட நாளை ஈடுசெய்ய அவர்களிடம் வழிகள் இருக்கின்றன.

இனி, நிரந்தரமாக நின்ற கலம். 1961இல் லியனாட் ஹேபிளிக், போல் மூர்ஹெட் இருவரும், சாதாரண மனிதக் கலங்கள் ஆய்வுகூடத்தில் ஏறத்தாழ 50 முறை இரட்டித்தபின் நின்றுவிடுகின்றன என்று காட்டினார்கள். இதைக் கலத்தின் முதுமை என்கிறார்கள். சிகிச்சையும் புற்றுநோய்க் கலத்தை இந்த முதுமைக்குத் தள்ளக்கூடும். அப்படி முதுமையடைந்த கலம் இறந்த கலமன்று. அது உணவு எடுக்கிறது, புரதம் செய்கிறது; முன்னிருந்ததைவிடப் பெருத்து, தட்டையாகி, பொரித்த முட்டையைப் பார்ப்பதுபோல் பரந்து கிடக்கிறது. 1995இல் விவரிக்கப்பட்ட ஒரு சாயச் சோதனையில் இக்கலங்கள் மட்டும் நீலமாக மாறும். நிறமற்ற கலங்களுக்கு நடுவே நீலத் திட்டுகளாக அவற்றை அடையாளம் காணலாம். கட்டியின் அளவு குறையாமலேயே அதன் வளர்ச்சி நிற்பது எப்படிச் சாத்தியம் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஒரு சென்ரிமீற்றர் கட்டிக்குள் ஏறத்தாழ 100 கோடிக் கலங்கள் இருக்கும் என்பது வழமையான மதிப்பீடு. அவற்றில் பெருந்தொகையானவை இப்படி நின்றுவிட்டால், ஸ்கானில் அதே கட்டிதான் தெரியும். உயிருள்ள கலம் எது, நின்ற கலம் எது, வெறும் தழும்பு இழையம் எது என்று அளவு மட்டும் சொல்வதில்லை.

நின்ற கலம் சும்மாவும் இருப்பதில்லை. அது அழற்சியைத் தூண்டும் பல புரதங்களை வெளியே விடுகிறது. இப்புரதங்கள் நோயெதிர்ப்புக் கலங்களை அழைத்து வந்து, நின்ற கலங்களை அகற்ற உதவலாம், அது நன்மை. நீண்ட காலம் அகற்றப்படாமல் கிடந்தால், அதே புரதங்கள் அருகிலுள்ள தப்பிய புற்றுநோய்க் கலங்கள் வளரவும் துணைபோகலாம்; அது தீமை. கீமோவுக்குப் பின் நெடுநாள் நீடிக்கும் களைப்புக்கு இவையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதற்கு எலிகளில் செய்த ஆய்வுகள் சான்று தந்துள்ளன. முதலில் ஒரு மருந்தால் கலங்களை முதுமைக்குத் தள்ளி, அடுத்து முதுமையடைந்த கலங்களை மட்டும் அழிக்கும் இன்னொரு மருந்தைக் கொடுப்பது என்ற முயற்சி இன்று ஆய்வுகளில் நடந்துவருகிறது. கிளினிக்கில் எல்லாருக்கும் எழுதிக் கொடுக்கும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

நிரந்தரமாக நில்லாத ஒரு நிலையும் உண்டு. அதுவே நான் மிகுந்த அக்கறையோடு சொல்லவிரும்புவது. சில கலங்கள் சிகிச்சைக்குப் பின் முதுமையடையாமல், சுற்றுக்கு வெளியே ஒதுங்கி உறங்குகின்றன. வயலில் கோரைக்கு மருந்தடித்தால் மேலே தெரியும் புல் கருகிவிடும். மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். மழை கண்டதும் முளைக்கும். உறங்கும் கலங்களும் அவ்வாறே மாதங்களாக, சிலவேளை பத்து, இருபது ஆண்டுகளாகக்கூடப் பிரியாமல் கிடந்து, பின்னர் விழித்துக்கொள்ளும். பிரியும் கலத்தையே தாக்கும் கீமோ மருந்துகளுக்கு அவை அகப்படுவதில்லை. கீமோவை ஒரே தடவையில் கொடுத்து முடிக்காமல், பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனப் பல சுற்றுகளாகக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: முதற் சுற்றில் ஒதுங்கி நின்ற கலம் அடுத்த சுற்றில் பிரிவுக்கு வந்திருக்கலாம்.

இடைவெளிக்கு இன்னொரு காரணம் நம் உடலின் நல்ல கலங்கள். தலைமயிரின் வேர், வாயின் உட்தோல், என்பு மச்சை ஆகியவற்றில் கலங்கள் ஓயாது பிரிகின்றன. மருந்து அவற்றையும் நிறுத்துகிறது. மயிர் கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். மருந்து ஏற்றி ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள் குருதியின் வெண்குழியங்கள் மிகக் குறைந்துபோகும். பிறகு மச்சை மீண்டும் பிரியத் தொடங்க, அவை கூடும். அந்தக் குறைந்த நாட்களில் 38 பாகை செல்சியசுக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கிளிநொச்சியோ மாங்குளமோ முல்லைத்தீவோ, எந்த வைத்தியசாலை அருகில் இருக்கிறதோ அங்கே இரவானாலும் உடனே போய், கீமோ எடுப்பவர் என்பதை முதலிற் சொல்லி, கிளினிக் கொப்பியைக் காட்டவேண்டும்.

நிறுத்துவதையே முதன்மை வேலையாகக் கொண்ட மருந்துகளில் வன்னியில் மிகவும் அறியப்பட்டது ரமொக்சிபன். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் என்னும் ஓமோனைக் கொண்டு வளர்பவை. அந்த ஓமோன் கலத்திலுள்ள தன் வாங்கியில் இணைந்தால் சைக்கிளின் கூடும். கலம் ஜி1 கட்டத்தைத் தாண்டும். ரமொக்சிபன் அந்த வாங்கியில் முன்னரே அமர்ந்துகொள்கிறது. சைக்கிளின் கூடாது, ஆர்பி பிடியை விடாது, கலம் ஜி1இலேயே நிற்கும். அதே இடத்தில் இன்னும் நேரடியாகத் தடுப்பவை 2015இல் வந்த பல்போசிக்ளிப் முதலிய மருந்துகள்; அவை சி.டி.கே. நொதியத்தையே அடைக்கின்றன. பல்போசிக்ளிப் 21 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு என்று எடுக்கப்படுகிறது. இவ்வகை மருந்துகள் விலை மிகக் கூடியவை.

ரமொக்சிபன் விலை குறைந்த சிறிய மாத்திரை. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், குறைந்தது 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டு. சத்திரசிகிச்சை முடிந்து, மயிரும் முளைத்து, வீட்டு வேலையும் தோட்ட வேலையும் பழையபடி செய்யத் தொடங்கிய ஒரு பெண்ணுக்கு, சுகமாக இருக்கும் உடலுக்கு ஏன் தினமும் மாத்திரை என்று தோன்றுவது இயல்பு. அவர் சுகமாக இருப்பதில் அந்த மாத்திரைக்கும் பங்கு இருக்கக்கூடும். ஓமோன் வாங்கி உள்ள மார்பகப் புற்றுநோயில், 5 ஆண்டுகள் ரமொக்சிபன் எடுத்தவர்களிடையே, முதல் 15 ஆண்டுகளில் அந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது என்பது பல ஆயிரம் பெண்களின் தரவுகளைச் சேர்த்து அறியப்பட்ட முடிவு. மாத்திரையை நிறுத்தியபின்னும் அந்தப் பயன் பல ஆண்டுகள் நீடித்தது. ஆனால் இடையில் விட்டவர்களுக்கு அதே அளவு பயன் கிடைப்பதில்லை.

தொல்லைகளும் உண்டு. திடீரென உடல் கொதித்து வியர்க்கும், நித்திரை குழம்பும், மாதவிடாய் ஒழுங்கு மாறும். அரிதாகக் காலில் குருதி கட்டிபட்டு வீங்கலாம். மாதவிடாய் நின்றபின் குருதிப்போக்கு ஏற்பட்டால் கருப்பையைச் சோதிக்கவேண்டும் என்பதால் அதைக் கூச்சப்பட்டு மறைக்கக்கூடாது. தாங்கமுடியாதபோது தானாக நிறுத்திவிட்டு, கேட்டால் எடுக்கிறேன் என்று சொல்வதற்குப் பதிலாக, கிளினிக்கில் அதையே வெளிப்படையாகச் சொல்லலாம். மாதவிடாய் முற்றாக நின்ற பெண்களுக்கு லெற்றோசோல், அனஸ்ற்றசோல் போன்ற வேறு மாத்திரைகள் இருக்கின்றன. அவை ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுத்து, கலத்தை அதே ஜி1 கட்டத்தில் நிறுத்துகின்றன. எது பொருந்தும் என்பதை எலும்பின் உறுதியையும் மற்ற நோய்களையும் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார்.